அப்பாவின் கேசட்டில் இருக்கும் நாயனம்

கேள்வி: மாயவரம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் நாயனத்தை அப்பா பேட்டரி டேப்ரெக்கார்டரில் பதிவு செய்து வைத்திருந்தார். இப்போது பரணிலிருந்து 14 கேசட்டுகளை இறக்கியிருக்கிறோம். சிலவற்றில் வெள்ளையாகப் பூஞ்சை. ஒன்று அறுந்திருக்கிறது. இன்னொன்றில் நாயனம் கீச்சென்று கேட்கிறது. கடையில் கொடுத்து, இரைச்சலை எடுத்துவிட்டு எம்பி3 ஆக்கிவிடலாம் என்கிறான் தம்பி. அவன் இரைச்சல் என்று சொல்வதில் பாதி, பாட்டியும் சித்தப்பாவும் பேசிக்கொள்வது. என்ன செய்யலாம்?
– வாசகி, சென்னை

பதில்: இரைச்சலை எடுக்க வேண்டாம். முதல் பிரதியில் கண்டிப்பாக வேண்டாம். டேப்பின் 'உஸ்' சத்தம் இருக்கும் அதே உச்ச அலைவரிசைகளில்தான் நாயனத்தின் கணீரும் சீவாளியில் (ஊதும் முனையில்) ஏறும் காற்றும் இருக்கின்றன. மென்பொருள் ஒன்றை வெட்டும்போது மற்றதும் சேர்ந்து போய், தண்ணீருக்குள் வாசிப்பதுபோல் ஆகிவிடும். பாட்டியின் பேச்சு போனால் அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பத் தனியாக ஒரு பிரதி எடுத்து, அதில் அவர் இஷ்டப்படி செய்துகொள்ளட்டும்.

எதையும் மெஷினில் போடுவதற்கு முன், அட்டையில் அப்பா எழுதியிருப்பதைப் படம் எடுத்துவிடுங்கள். கேசட்டின் பின்விளிம்பில் இரண்டு பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும், உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது.

பூஞ்சை பிடித்ததை இப்போது ஓட்டாதீர்கள். ஓட்டினால், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தாவும். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு சில நாள் வையுங்கள். பூஞ்சை காய்ந்து பொடியானதும், முகக்கவசம் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடலாம். இவற்றைக் கடைசியாக ஓட்டுங்கள். ஒவ்வொன்று முடிந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் ஹெட்டைத் துடைக்க வேண்டும்.

அறுந்ததற்கு செல்லோடேப் கூடவே கூடாது. நாளானால் பசை கசிந்து சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கேசட்டுக்கென்றே வரும் ஸ்ப்ளைசிங் டேப்பால், ஹெட்டில் படாத பின்பக்கத்தில் ஒட்டுங்கள். கேசட்டின் பிளாஸ்டிக் ஓடு திருகாணி போட்டதாக இல்லாமல் ஒட்டியதாக இருந்தால், பிளந்து உள்சுருளை எடுத்து, திருகாணி வைத்த வேறு கேசட்டின் ஓட்டுக்கு மாற்றலாம். ஹெட்டுக்கு எதிரே டேப்பை அழுத்தும் சின்னப் பஞ்சுப்பட்டை விழுந்துபோன கேசட்டுக்கும் இதே வைத்தியம்தான். ஒலி மங்கி மங்கி வந்தால் முதலில் அந்தப் பட்டையைப் பாருங்கள்.

யுஎஸ்பி வைத்து மலிவாக விற்கும் பிளேயர்களை நம்பாதீர்கள், பலவற்றில் சுருதி ஆடும். பெல்ட் மாற்றிய பழைய கேசட் டெக் எவ்வளவோ மேல். அதன் 'லைன் அவுட்'டை யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினிக்குக் கொடுங்கள். லேப்டாப்பின் மைக் ஓட்டையில் நேராகச் சொருகினால் ஒலி உடையும். இரைச்சலைக் குறைக்கும் டால்பி பட்டனை அணைத்து வையுங்கள். ஹெட்டின் பக்கத்தில், அதன் சாய்வை மாற்றும் ஒரு சின்னத் திருகு உண்டு. அதை மெல்லத் திருப்பிக் கேளுங்கள். தவிலின் வலந்தலையில் (வலது பக்கத்தில்) கூடு போட்ட விரல்கள் விழும் சத்தம் எங்கே மிகத் தெளிவாகக் கேட்கிறதோ, அங்கே அதை நிறுத்துங்கள். கேசட்டுக்குக் கேசட்டு இது மாறும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாகப் பதியுங்கள். உச்சம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல். ஸ்டீரியோவில் மணிக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி வரும்.

தவில் ஓங்கி ஒலிக்கும் இடத்தில் நாயனம் அமுங்கிப் போகிறதா? அது கேசட்டின் கோளாறு இல்லை. அந்தக்கால ரெக்கார்டர் சத்தம் கூடியதும் தானாகவே அளவைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மருந்து கிடையாது.

கீச்சென்று கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் பேட்டரி. தீரும் நிலையில் மோட்டார் மெதுவாகச் சுற்றியிருக்கும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறித்தான் கேட்கும். முதலில் கடையில் வாங்கிய சினிமாப் பாட்டுக் கேசட் ஒன்றைப் போட்டு, அதே பாட்டை போனில் ஒப்பிடுங்கள். அதுவும் ஏறியிருந்தால் குற்றம் டெக்கில். இல்லையென்றால், அதே வித்வான் வாசித்த வேறு கேசட்டில், விடாமல் சுருதி கொடுக்கும் ஒத்து என்ன கட்டையில் (சுருதி அளவில்) நிற்கிறது என்று பாருங்கள். பாரி என்ற நீள வகை நாயனம் பெரும்பாலும் 2 அல்லது 2½ கட்டை. 2½ இருக்க வேண்டியது 3 ஆகக் கேட்டால் வேகத்தைச் சுமார் 5.6 சதவீதம் குறைக்க வேண்டும். சுருதியை மட்டும் மாற்றும் கட்டளை வேண்டாம், வேகமும் சுருதியும் சேர்ந்து மாறுவதைப் பயன்படுத்துங்கள். பேட்டரி போகப் போகத்தான் தீரும் என்பதால் பக்கத்தின் முடிவில் ஏற்றம் அதிகமிருக்கும்; துண்டு துண்டாகத் திருத்துங்கள். இதையும் பிரதியில்தான்.

பெயர் எழுதாத கேசட்டுகளுக்கு வாசிப்பே துப்பு கொடுக்கும். கம்பீர நாட்டையில் மல்லாரி கேட்டால் சுவாமி புறப்பாடு. நீலாம்பரியில் தாலாட்டாக வந்தால் பள்ளியறை நேரம். யார் வாசித்தது, பின்னால் பேசுவது யார் என்பதற்குச் சித்தப்பாவை விட்டால் ஆள் இல்லை. இரண்டு நிமிடத் துண்டுகளாகப் போட்டுக்காட்டி, அவர் சொல்வதை போனில் பதிவு செய்யுங்கள். மற்ற வேலை தள்ளிப்போகலாம், இது தள்ளிப்போகக் கூடாது.

இவ்வளவும் முடியாதென்றால் கடைக்கே கொடுங்கள். ஆனால் 'வேவ் கோப்பு, இரண்டு பக்கமும், வெட்டாமல், இரைச்சல் நீக்காமல், கேசட்டும் திரும்ப வேண்டும்' என்று எழுதிக் கொடுங்கள். முதலில் நல்ல நிலையில் உள்ள ஒன்றை மட்டும் கொடுத்துப் பாருங்கள். கோப்புகளை உங்கள் வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க்கிலும் தம்பி வீட்டில் இன்னொன்றிலும் வையுங்கள். கேசட்டுகள் மறுபடி பரணுக்குப் போக வேண்டாம். டேப்பை ஒரு முனை வரை முழுதாகச் சுற்றி, கேசட்டை நிமிர்த்தி, பீரோவில் வையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.