பேர் ஒண்ணு, பாட்டு வேற: பழைய ராக் கேள்வி பதில்

கேள்விகளைத் தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். தலைப்பை மட்டும் பார்த்து "இது அதோட கவர்தானே?" என்று கேட்காதீர்கள். (கவர் என்றால் ஒருவர் பாட்டை இன்னொருவர் எடுத்துப் பாடுவது.) எழுதியவர் பெயரைப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

பழைய கேசட்: செலின் டியோனின் 'த பவர் ஆஃப் லவ்', ஹியூயி லூயிஸ் பாடினது, ரெண்டும் ஒண்ணா சார்?

இல்லை. இந்தப் பெயரில் 1984–85க்குள்ளேயே மூன்று பாட்டுகள் வந்தன. செலின் 1993இல் பாடியது ஜெனிஃபர் ரஷ்ஷின் பாட்டை. அது முழுக்க முழுக்கக் காதல் சரணாகதி. ஹியூயி லூயிஸின் பாட்டு 'பேக் டு த ஃபியூச்சர்' படத்துக்காக வந்தது. காதல் ஆளை உயர்த்தவும் செய்யும், கவிழ்க்கவும் செய்யும் என்று பாதி கிண்டலாகப் பேசும். மூன்றாவது, 'ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட்' என்ற பிரிட்டிஷ் குழுவின் பாட்டு. அதில் கிறிஸ்துமஸ் பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடையாது. வீடியோவில் இயேசு பிறப்பைக் காட்டியதால் பிரிட்டனில் கிறிஸ்துமஸ் பாட்டாகிவிட்டது.

கிதார்க்காரன்: 'ஃபயர்' எத்தனை இருக்கு?

நிறைய. கேட்க வேண்டியவை மூன்று. கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் பாட்டு (1967) காமத்தீ என்றுதான் காதில் விழும். ஆனால் கதை வேறு. குளிர்கால இரவொன்றில் தன் குழுவில் பேஸ் கிதார் வாசிக்கும் நோயல் ரெடிங்கின் அம்மா வீட்டுக்குப் போனவர், கணப்பருகே நிற்கலாமா என்று கேட்டிருக்கிறார். நாய் வழிவிடவில்லை. பாட்டில் 'ரோவர்' என்ற நாயை நகரச் சொல்வது அதனால்தான். ஆர்தர் பிரவுனின் 'ஃபயர்' (1968) நரக நெருப்பு; தலையில் தீ எரியும் கவசத்தோடு மேடையேறிய மனிதர். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் எழுதி 'பாய்ண்டர் சிஸ்டர்ஸ்' என்ற பெண்கள் குழு பிரபலமாக்கியதில், வாய் வேண்டாம் என்கிறது, முத்தம் வேறொன்றைச் சொல்கிறது.

மழைக்குருவி: வேன் ஹேலன் குழுவோட 'ஜம்ப்'பைத்தானே பாய்ண்டர் சிஸ்டர்ஸும் பாடினாங்க?

எழுதியவர் பெயரைப் பாருங்கள். வேறு பாட்டு. குழப்பம் வரக்கூடாது என்றுதான் பாய்ண்டர் சிஸ்டர்ஸ் தங்கள் சிங்கிளில் (தனிப்பாட்டாக வந்த இசைத்தட்டில்) 'ஃபார் மை லவ்' என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்தார்கள்.

ராத்திரி ரேடியோ: பேட்டி ஸ்மித்தின் 'குளோரியா' வான் மோரிசன் பாட்டோட கவர்தானே?

கவர் என்ற சொல் இதற்குப் போதாது. மோரிசன் 'தெம்' குழுவோடு 1964இல் வெளியிட்டது எளிய பாட்டு: மூன்று கார்டு (கிதாரில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு), அறைக்கு வரும் ஒரு பெண், அவள் பெயரை எழுத்தெழுத்தாகக் கத்துவது. பேட்டி ஸ்மித் 1975இல் தன் சொந்தக் கவிதையோடு தொடங்குகிறார். இயேசு யாருடைய பாவத்துக்காகவோ இறந்தார், என்னுடையதற்காக அல்ல என்கிறார். அதன் பிறகுதான் அந்தப் பெண் வருகிறாள். பாடுவது பெண் என்பதற்காக அவளை ஆணாக மாற்றவும் இல்லை. மோரிசனிடம் வாலிபக் குஷியாக இருந்தது இங்கே மதத்தோடு நடக்கும் சண்டை.

தர்க்கவாதி: எழுதியவர் பேரைப் பாருங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. அதுல மோரிசன் பேரு இருக்கே! அப்ப கவர்தானே?

இருக்கிறது, பக்கத்தில் ஸ்மித் பெயரும் இருக்கிறது. வெறும் கவர் என்றால் அவர் பெயருக்கு அங்கே என்ன வேலை?

ராத்திரி ரேடியோ: பல்லவி மோரிசனுது. பல்லவி இல்லாம அந்தப் பாட்டு நிக்குமா?

நிற்காது. அந்தத் தொடக்கக் கவிதை இல்லாமலும் நிற்காது. 'ஷேடோஸ் ஆஃப் நைட்' குழு 1966இல் பிரபலமாக்கியதைக் கேளுங்கள், அது கவர். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு வந்து சண்டை போடுங்கள்.

புது ஆள்: 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' எப்படி வாசிக்கிறது?

கிதார் வாத்தியாரைக் கேளுங்கள்.

வக்கீல் தம்பி: ஒரே தலைப்பு வச்சா கேஸ் போட முடியாதா?

அமெரிக்கச் சட்டத்தில் வெறும் தலைப்புக்குக் காப்புரிமை கிடையாது.

மழைக்குருவி: லாரா பிரானிகனின் 'குளோரியா'வும் மோரிசனுதா?

எழுதியவர் பெயர்! அது உம்பர்ட்டோ டோட்ஸி 1979இல் பாடிய இத்தாலியப் பாட்டு. அங்கே ஆண் ஒருவன் ஏங்குகிறான். 1982இல் பிரானிகன் பாடிய ஆங்கிலத்தில் ஏக்கம் போய், எதையோ துரத்தி ஓடி நிதானம் இழக்கும் பெண் வந்துவிட்டாள்.

தர்க்கவாதி: அப்ப யூ2 குழுவோட 'குளோரியா'?

கடைசி குளோரியா இதுதான். 1981, 'அக்டோபர்' ஆல்பம். லத்தீனில் பிரார்த்தனை, பெண் யாரும் இல்லை. வரிகள் வைத்திருந்த பை அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் தொலைந்துபோக, அந்த ஆல்பத்துக்குப் பாடகர் போனோ ஸ்டுடியோவில் அவசர அவசரமாக எழுத வேண்டியதாயிற்று. பை 2004இல் திரும்பக் கிடைத்தது.