நாய் கடித்த ஆமை: ஓட்டைப் பசையால் அடைக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு நாய், தொட்டியிலிருந்த ரெட் இயர்டு ஸ்லைடர் ஆமையைக் கவ்விவிட்டது. முதுகோட்டின் ஓரம் உடைந்திருக்கிறது. பின்னங்கால் அருகே இரண்டு பல் தடங்கள். ரத்தம் நின்றுவிட்டது, மறுநாளே இரையும் எடுத்தது. எபாக்சி பசை பூசி அடைத்தால் போதும் என்கிறார் ஆமை விற்றவர். மருத்துவரிடம் போகத்தான் வேண்டுமா?

பதில்: போகத்தான் வேண்டும், அதுவும் இன்றே. பசையைத் தொடவே தொடாதீர்கள்.

ஓட்டின் மேல்பகுதிதான் கெரட்டின் (நம் நகத்தில் இருக்கும் பொருள்) தகடு. அதற்கு அடியில் இருப்பது உயிருள்ள எலும்பு. ரத்த ஓட்டமும் வலியும் அதற்கு உண்டு. நாயின் வாயிலிருந்த கிருமிகள் அந்த விரிசலுக்குள் ஏற்கெனவே போயிருக்கும். மேலே பசை ஊற்றினால் அவற்றை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். சில வாரங்கள் பளபளவென்று இருக்கும், அடியில் எலும்பு அழுகிக்கொண்டிருக்கும். அப்படி அடைத்துக் கொண்டுவரும் ஆமைக்கு, பசையைப் பெயர்க்கவே மயக்க மருந்து தேவைப்படுகிறது. விற்பவருக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தாலும் அடுத்த ஆமையை விற்பதில்தான் அவருக்கு லாபம்.

இரை எடுத்ததை வைத்து நிம்மதி அடையாதீர்கள். ஊர்வன வலியை வெளியில் காட்டுவதில்லை. அவற்றின் சீழும் வடியாது; பாலாடைக்கட்டி மாதிரி இறுகி உள்ளேயே தங்கிவிடும். மருந்து அதற்குள் சரியாக இறங்காது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நீங்கள் லேசாகச் சொல்லிப்போன அந்த இரண்டு பல் தடங்கள்தான் ஓட்டு உடைசலைவிட எனக்குக் கவலை தருகின்றன.

கிளம்பும் முன், மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9% சலைனை (கிருமி நீக்கிய உப்பு நீர்) ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, காயத்தின் மேல் மெதுவாகப் பீய்ச்சுங்கள். விரிசலில் காற்றுக் குமிழி தெரிந்தால் கழுவவே கூடாது. நுரையீரல் முதுகோட்டை ஒட்டியே இருக்கிறது, பீய்ச்சும் நீர் அதற்குள் போய்விடலாம். சலைனில் நனைத்த சுத்தமான துணியைப் போட்டு மூடி உடனே கிளம்புங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம், நமக்கு எழுதிக்கொடுத்த வலி மாத்திரையும் வேண்டாம். ஈ மொய்க்காதபடி அறைக்குள்ளேயே வையுங்கள். காயத்தில் புழு வைத்துவிட்டால் ஐவர்மெக்டின் போடச் சொல்ல ஒருவர் கட்டாயம் வருவார். மாட்டுக்கும் நாய்க்கும் கொடுக்கும் அந்த மருந்து ஆமையைக் கொன்றுவிடும். யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

காயம் ஆறும்வரை ஆமையைத் தண்ணீரில் விடாமல், கதகதப்பான இடத்தில், சுத்தமான ஈரத் துண்டின் மேல் வைக்க வேண்டும். உடல் குளிர்ந்தால் அதன் நோய் எதிர்ப்பும் மந்தமாகிவிடும். ஆனால் "தண்ணீரே காட்டாதே" என்று இதைப் புரிந்துகொண்டு ஆமையை வற்றவைத்து விடுகிறார்கள். உங்களுடையது நீர் ஆமை. தண்ணீருக்குள் இருந்தால்தான் அது இரையை விழுங்கும். அதனால் மருத்துவர் சரி என்றதும், தினமும் கொஞ்ச நேரம் புதிய வெதுவெதுப்பான தண்ணீரில் விடுங்கள். உடைசல் மேலோரத்தில் மட்டும் இருந்தால் அது நனையாத ஆழம் போதும். தின்று முடித்ததும் வெளியே எடுத்து, காயத்தை ஒற்றித் துடைத்துவிட்டு மருந்து போடுங்கள். பழைய தொட்டித் தண்ணீரை மட்டும் பயன்படுத்தாதீர்கள்.

"ஆமையெல்லாம் நாங்கள் பார்ப்பதில்லை" என்று இரண்டு மூன்று இடங்களில் திருப்பி அனுப்பக்கூடும். இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கடைகளில் ஊர்வன தாராளமாக விற்கின்றன, அவற்றுக்கு வைத்தியம் பார்க்கவோ போதிய ஆளில்லை. கால்நடை மருத்துவப் படிப்பில் இவற்றுக்கு ஒதுக்கும் இடமும் சொற்பம். அந்த இடைவெளியில்தான், போனில் படம் பார்த்தே பொடி விற்கும் தரகர்கள் பிழைக்கிறார்கள். போகும் முன்பே தொலைபேசியில் "ஊர்வன பார்ப்பீர்களா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், வலிக்கு மருந்து கேளுங்கள். ஆமையின் எடையைக் கிராமில் குறித்துக் கொண்டுபோங்கள். செஃப்டாசிடைம் என்ற கிருமிக்கொல்லி (ஆன்டிபயாடிக்) ஊசி என்றால் வழக்கமாக 72 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் போடுவார்கள். நாளைக்கே வரச் சொல்லவில்லையே என்று பதறி, நடுவில் வேறு மருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள்.

உடைந்த ஓட்டுத் துண்டு கிடைத்தால் சலைனில் நனைத்த துணியில் சுற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். அதைத் திரும்பப் பொருத்த முடியுமா என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார்.