16.5 என்றால் 16.5தான்: ராணுவ பீட்லாக் வீல் பற்றிய கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி, அமெரிக்க ராணுவ வண்டியான ஹம்வீயின் 16.5 அங்குல வீலைப் பற்றியவை. அதன் ரிம் இரண்டு பாதிகளாகக் கழலும். ரிம்மில் உட்காரும் டயர் ஓரமான பீட்டை இறுக்கிப் பிடிப்பதால் பீட்லாக் என்று பெயர். என்ன வண்டி, எத்தனை நட்டு ரிம், என்ன டயர் என்ற மூன்றையும் எழுதாமல் "செட் ஆகுமா?" என்று மட்டும் கேட்டவர்கள், அளந்து எழுதிவிட்டு மறுபடி கேட்கட்டும்.

உபரி ஏலத்தில் ஹம்வீ ரிம் நான்கு கிடைக்கிறது. 8 நட்டு வாங்கலாமா, 12 நட்டு வாங்கலாமா?

12 அல்லது 24. எட்டு நட்டு ரிம் ஆரம்பகாலத்து 36 அங்குல பயாஸ் (பழைய குறுக்கிழை) டயரோடு வந்தது. அதில் 37 அங்குல ரேடியலைப் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். எண்ண வேண்டியது ரிம்மின் இரு பாதிகளைச் சேர்த்துப் பிடிக்கும் நட்டுகளை. ஹப்பில் மாட்டும் நட்டு எல்லா ஹம்வீ வீலிலும் எட்டுதான். அதை எண்ணிவிட்டு "என்னுடையது 8 நட்டு" என்று எழுதியவர்கள் இம்முறையும் உண்டு.

என் பிக்கப்புக்கும் 8 துளை, பிசிடி (துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 6.5 அங்குலம்தான். அப்படியே மாட்டலாமா?

துளை சேரும், வீல் சேராது. ஹம்வீ வீலின் பேக்ஸ்பேசிங், அதாவது ஹப்பில் பதியும் முகத்திலிருந்து ரிம்மின் உள்பக்க முனை வரையிலான தூரம், ஏறத்தாழ 7 அங்குலம். டயரில் பெரும்பகுதி வண்டிக்கு உள்பக்கம் போய், ஸ்பிரிங்கிலோ ஸ்டியரிங் நக்கிளிலோ உரசும். சாதாரண ஆக்ஸிலுக்கு 4 முதல் 4.5 அங்குலம் தேவைப்படும். அதற்கு ஹப்பில் மாட்டும் நடுத்தட்டை வெட்டி இடம் மாற்ற வேண்டும், அல்லது ஹப்பில் கச்சிதமாக உட்கார்ந்து தனி ஸ்டட்டோடு வரும் ஸ்பேசர் போட வேண்டும். சும்மா நுழைத்துவிடும் தட்டு ஸ்பேசர் கூடவே கூடாது.

கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. ஹம்வீ ரிம்மின் அகலமாகச் சொல்லும் 8.25 அங்குலம் என்பது இரு விளிம்புகளுக்கு இடைப்பட்ட உள்ளகலம். பேக்ஸ்பேசிங்கை அளப்பதோ விளிம்பின் வெளிமுனையிலிருந்து. விளிம்பு பக்கத்துக்கு அரை அங்குலம் என்று வைத்தால் மொத்த அகலம் 9.25. தட்டு சரிநடுவில் உட்கார்ந்தால் பேக்ஸ்பேசிங் அதில் பாதி, 4.6. இதை 4.1 என்று எடுத்துக்கொண்டு தட்டை வெல்டு செய்தால் அரை அங்குலம் தவறிப்போகும். டை ராடில் இடிக்க அந்த அரை அங்குலம் போதும்.

நடுத்தட்டை மாற்ற என் வெல்டர் தயார். என்ன சொல்லி அனுப்ப?

முதலில், டயரைக் கழற்றிவிட்டு ரிம்மை மட்டும் அனுப்புங்கள். காற்று இறக்கிய டயர்தானே என்று ரிம்மில் வெல்டு வைத்தால், உள்ளே ரப்பர் சூடேறி வாயு சேர்ந்து வெடிக்கும். இரு பாதிகளுக்கு இடையில் காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது பெயின்ட். ராணுவப் பச்சைக்குப் பெயர் கார்க். ரசாயனத் தாக்குதலைத் தாங்கவென்றே செய்த பூச்சு. சூடானால் ஐசோசயனேட் புகை வரும், பழைய ப்ரைமரில் குரோமேட்டும் இருக்கும். வெல்டு விழும் இடத்தைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு இரசாயன ஸ்ட்ரிப்பரால் உரித்து எடுங்கள். கிரைண்டரால் தேய்த்தால் அதே விஷம் தூசியாக மூக்கில் ஏறும். துணி மாஸ்க் இதற்கு உதவாது.

பழைய தட்டை லேத்தில் வெட்டி எடுக்கட்டும். கேஸ் கட்டிங் வேண்டாம், ரிம் முறுக்கிக்கொள்ளும். புதுத் தட்டு 10 மி.மீ. மைல்டு ஸ்டீல், நடுத்துளை ஹப்பில் இறுக்கமாக உட்கார வேண்டும். நான்கு இடத்தில் டாக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) வைத்ததும் வேலையை நிறுத்தி, ரிம்மைச் சுழற்றி, பீட் உட்காரும் இடத்தில் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். பக்கவாட்டிலும் மேல்கீழிலும் ஆட்டம் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். டாக் நிலையில் சுத்தியலால் தட்டித் திருத்தலாம், முழு வெல்டுக்குப் பிறகு முடியாது. பிறகு 4–5 செ.மீ. துண்டுகளாக, எதிரெதிர் இடங்களில், இரு பக்கமும் வெல்டு. தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கக் கூடாது, தானாக ஆறட்டும். ஆறியதும் இரு பாதிகளும் சேரும் முகத்தில் நேர்ப்பட்டை வைத்துச் சோதியுங்கள். அந்த முகம் வளைந்திருந்தால் காற்று நிற்காது.

டயருக்குள் இருக்கும் ரப்பர் ரன்ஃபிளாட் (காற்று போனாலும் ஓட உதவும் வளையம்) கனமாக இருக்கிறது. எடுத்துவிட்டு இரு பாதிகளையும் மட்டும் முடுக்கினால் பீட்லாக் வேலை செய்யாதா?

செய்யாது. இரண்டு பீட்டையும் விளிம்போடு அழுத்திப் பிடிப்பது நடுவில் இருக்கும் அந்த வளையம்தான். அது இல்லாவிட்டால் உங்களிடம் இருப்பது இரண்டு துண்டாகக் கழலும் சாதாரண ரிம்.

எடை குறைய வேண்டுமானால் தடித்த பிவிசி குழாயிலிருந்து வளையம் வெட்டலாம். அகலத்தை டயரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். காலிப்பரால் இரு பீட்டின் தடிமனையும் அளங்கள். உதாரணத்துக்கு ஒவ்வொன்றும் 27 மி.மீ. என்றால், ரிம் உள்ளகலம் 210 மி.மீட்டரிலிருந்து 54 கழித்தால் 156. நசுங்குவதற்கு ஒரு 4 மி.மீ. சேர்த்து 160. வளையம் குறுகினால் பீட் நழுவும். அகன்றால் ரிம் பாதிகள் முழுதாக மூடாது, ஸ்டட் வளையும், ஓ-ரிங் வழியே காற்று போகும். டயர் பிராண்டை மாற்றினால் மறுபடி அளங்கள்.

வளையத்தில் 12 மி.மீ. துளை நான்கைந்து போட மறக்காதீர்கள். வால்வு வளையத்துக்கு உள்பக்கம் இருக்கிறது. துளை இல்லாவிட்டால் காற்று டயருக்கு ஒழுங்காகப் போகாது, இறக்கும்போது ஒழுங்காக வரவும் வராது.

16.5 அங்குல டயர் இப்போது கிடைப்பதே அரிது. பீட்லாக் இறுக்கிப் பிடிக்கிறதே, 17 அங்குல டயரை இதில் போட்டால் என்ன? அல்லது 16?

ஒவ்வொரு முறையும் யாராவது இதைக் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பதில் கூடாது என்பதுதான். ஆனாலும் "எனக்குத் தெரிந்தவர் ஓட்டுகிறார்" என்று மறுகடிதம் வருகிறது. ஆகவே இம்முறை மில்லிமீட்டரிலேயே சொல்கிறேன்.

பீட் உட்காரும் இடத்தின் விட்டம் 16 அங்குல ரிம்மில் சுமார் 406 மி.மீ., 16.5-ல் 419, 17-ல் 437. 17 அங்குல டயரை 16.5 ரிம்மில் போட்டால் சுற்றிலும் 9 மி.மீ. இடைவெளி. பீட்லாக் வளையம் பக்கவாட்டில்தான் அழுத்தும், இந்த இடைவெளியை அது அடைக்காது. டயர் மையம் தவறி உட்காரும், அழுத்தம் குறைந்ததும் ரிம்மின் மேல் தவழும்.

16 அங்குல டயர் இன்னும் மோசம். 16.5 ரிம்மின் பீட் இருக்கை 15 டிகிரி சரிவு, 16-இலும் 17-இலும் 5 டிகிரி. சரிவு அதிகம் என்பதால் 16 டயர் சோப்புத் தண்ணீரில் வழுக்கி ரிம்மில் ஏறுவது போலத் தோன்றும். ஆனால் உட்காராது. உட்காரவில்லையே என்று காற்றை ஏற்றிக்கொண்டே போவார்கள். ஒரு கட்டத்தில் பீட்டுக்குள் இருக்கும் எஃகுக் கம்பி அறுந்து டயர் வெடிக்கும். டயர் கடைகளில் ஆட்கள் செத்திருப்பது இப்படித்தான். இரண்டு துண்டு ரிம்மில் டயரை நெம்பி ஏற்ற வேண்டியதே இல்லை, இரு பாதிகளுக்கு நடுவில் வைத்து மூடினால் போதும் என்பதால், அந்தத் தவறான டயர் எதிர்ப்பே காட்டாமல் உள்ளே போய்விடும். ஆபத்து அதனால் கூடுகிறதே தவிர குறையவில்லை.

டயரின் பக்கச்சுவரைப் படியுங்கள். 16.5 என்று அச்சிட்டிருந்தால் மட்டும் மாட்டுங்கள். 17 அங்குல டயர்தான் வேண்டுமென்றால் 17 அங்குல ரிம் வாங்குங்கள். எந்த டயரானாலும் 40 பிஎஸ்ஐக்குள் உட்காரவில்லையென்றால் காற்றை முழுதாக இறக்கிவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். காற்று ஏற்றுவது கூண்டுக்குள், நீண்ட குழாயோடு, எதிரே நிற்காமல்.

ரிம் நட்டுக்கு எத்தனை டார்க்?

8, 12, 24 நட்டு ரிம்களுக்கு அளவு வேறுவேறு. உங்கள் ரிம்மின் ராணுவக் கையேட்டில் இருப்பதையே வையுங்கள். குறுக்குக்குறுக்காக, மூன்று தவணையில், டார்க் ரெஞ்சால். இம்பாக்ட் கன்னால் முடித்தால் ஸ்டட் மரை நீண்டுவிடும். முதல் 80 கி.மீ. கழித்து மறுபடி சரிபார்க்க வேண்டும்.

இரு பாதிகளும் சேரும் இடத்தில் காற்று கசிகிறது. சிலிகான் பேஸ்ட் தடவினேன், நிற்கவில்லை.

நிற்காது. பேஸ்ட் ஓ-ரிங்குக்கு மாற்று இல்லை. பிரித்த ஒவ்வொரு முறையும் ஓ-ரிங் புதிது போட வேண்டும். சேரும் முகத்தில் துருவோ பெயின்டோ இருந்தால் சுரண்டுங்கள். முடுக்கிய பிறகு 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் இடையில் நுழையக் கூடாது. நுழைந்தால் உங்கள் வளையம் அகலம். மேலே சொன்ன வளையக் கணக்கை மறுபடி படியுங்கள்.

டயரைப் பிரிக்க, ரிம் நட்டை லேசாகத் தளர்த்தினால் காற்று தானாக இறங்கிவிடும்தானே?

இறங்கும். ரிம்மின் மேல்பாதியும் உங்கள் முகத்தை நோக்கி வரும். தயவுசெய்து வேண்டாம். வால்வுக்குள் இருக்கும் கோரை (ஊசியை) முழுதாகக் கழற்றுங்கள். சத்தம் நின்ற பிறகும் துளையில் மெல்லிய கம்பி விட்டு அடைப்பில்லை என்று பாருங்கள். டயரைக் காலால் அழுத்தினால் தொய்ய வேண்டும். அதன் பிறகே நட்டில் ஸ்பேனர்.

டயருக்குள் பாலன்சிங் மணி (எடையைச் சமன்செய்யும் சிறு மணிகள்) போட்டும் 70 வேகத்தில் நடுங்குகிறது.

உள்ளே வளையம் இருக்கிறதல்லவா, மணிகள் துளை வழியே ரிம் பக்கம் போய்ச் சிக்கிக்கொண்டன. மணியை எடுத்துவிட்டு ரிம்மின் உள்பீப்பாயில் ஒட்டும் எடை வையுங்கள். அதற்கு முன் டயல் கேஜ்.

இரண்டாம் உலகப்போர் ஜீப்பின் 16 அங்குல காம்பாட் ரிம்மில் அகலமான டியூப்லெஸ் போடலாமா?

அந்த ரிம் 4.5 அங்குல அகலம், டியூப் டயருக்கானது, இரு பாதிகளின் இணைப்பில் காற்றுத் தடுப்பே கிடையாது. 6.00-16 டயரும் டியூபும் போட்டு மரியாதையாக வைத்திருங்கள்.

ராணுவ டிரக்கின் 395/85ஆர்20 வீலைச் சிறு பிக்கப்பில் மாட்ட நினைக்கிறேன்.

ஒரு வீல் டயரோடு 150 கிலோவை ஒட்டி வரும், விட்டம் 46 அங்குலம், துளை பத்து, பிசிடி 335 மி.மீ. முதலில் ஆக்ஸிலை மாற்றிவிட்டு எழுதுங்கள்.