ஆட்டுப்பட்டிக்குப் புது மரவேலி: எதைப் பூசலாம், எப்போது பூசலாம்?

கேள்வி: பண்ருட்டிப் பக்கம் எங்கள் தோட்டம். முப்பது வெள்ளாடுகளுக்குப் பட்டி அமைக்கிறேன். சவுக்குக் கால்களும், தைலமரத்தில் அறுத்த ஒரு அங்குலப் பலகைகளும் வாங்கி இரண்டு வாரம் ஆகிறது. எட்டுக் கால்களை ஊன்றிவிட்டேன். ஐப்பசி மழைக்கு முன் நிறம் அடித்து வார்னிஷ் பூசிவிட நினைக்கிறேன். பக்கத்துத் தோட்டக்காரர், மெக்கானிக் கடைக் கழிவு ஆயிலே போதும் என்கிறார். எதைப் பூசுவது?

பதில்: முதலில் பிரஷ்ஷைக் கீழே வையுங்கள். வெட்டி இரண்டு வாரமே ஆன மரம் இன்னும் பச்சை மரம்தான். அதன்மேல் எண்ணெய் பூசினாலும் உள்ளே இறங்காது, வார்னிஷ் பூசினாலும் பிடிக்காது. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வரும்போது பூச்சைக் கொப்பளமாகத் தள்ளிவிடும். இப்போது ஆடிதான் நடக்கிறது. புரட்டாசிக்குள் மரத்தைக் காயவைத்துப் பூசிவிட நேரம் இருக்கிறது.

கழிவு ஆயில் வேண்டவே வேண்டாம். இதைத் தயங்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இது ஆடு நிற்கப்போகும் இடம். ஓடிய இன்ஜின் ஆயிலில் உலோகத் துகளும், புற்றுநோய் உண்டாக்கும் எரிபொருள் கழிவுகளும் கலந்திருக்கும். மழையில் அது வழிந்து மண்ணுக்குப் போகும். வெள்ளாடு எதைப் பார்த்தாலும் நக்கும், கடிக்கும். போதாததற்கு, அந்த ஆயில் மரத்தில் காயவும் காயாது. ஓரிரு மழைக்காலத்தில் அதன் பலனும் போய்விடும்.

வார்னிஷும் இதற்குச் சரிப்படாது. வீட்டுக்குள் இருக்கும் கதவுக்கு அது அழகு. வெயிலில் நிற்கும் வேலியில் மேல்படலம் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியே உள்ளே போன தண்ணீர் வெளியேற முடியாமல் படலத்துக்கு அடியில் தங்கும். அப்புறம் மரம் அங்கேதான் மக்கத் தொடங்கும். திரும்பப் பூச வேண்டுமென்றால் பழைய வார்னிஷை உப்புத்தாள் போட்டு முழுவதும் சுரண்ட வேண்டும். வெளி மரத்துக்கு உள்ளே ஊறுகிற எண்ணெய்ப் பூச்சுதான் நல்லது. மங்கினால் துடைத்துவிட்டு அதன்மேலேயே மறுபடி பூசலாம்.

சரி, இப்போது என்ன செய்வது? சவுக்கின் பட்டையை முழுக்க உரித்துவிடுங்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில்தான் துளைப்பான் வண்டு குடியேறும். நான்கைந்து வருடத்தில் வெட்டிய சவுக்கில் வைரம், அதாவது நடுவிலுள்ள கெட்டிக் கட்டை, குறைவு; பெரும்பகுதி அதைச் சுற்றியுள்ள வெள்ளைதான். எந்த மரத்தின் வெள்ளையானாலும் வண்டுக்கும் பூஞ்சைக்கும் கரையானுக்கும் அது எளிதான இரை. அதனால் நிறத்தைப் பற்றி யோசிக்கும் முன் மரத்துக்குள் மருந்து ஏற்ற வேண்டும். இதற்கு மரம் பச்சையாக இருப்பது உங்களுக்குச் சாதகம்.

வெண்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் வாங்குங்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு வெண்காரம் 3 கிலோ, போரிக் அமிலம் 2 கிலோ. முதலில் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, பிறகு மொத்தத் தண்ணீரோடு சேருங்கள். பள்ளம் தோண்டித் தார்ப்பாய் விரித்து, பலகைகளை அதில் அமிழ்த்தி, மிதக்காமல் இருக்க மேலே கல் வைத்து ஒரு வாரம் ஊறவிடுங்கள். கால்கள் நீளமானவை என்பதால் டிரம்மில் அடிப்பக்கம் மூன்றடி மூழ்கும்படி நிறுத்தினால் போதும். ஈர மரத்தில் இந்த உப்பு மெல்ல உள்ளே பரவும். பள்ளத்தைச் சுற்றி அடைப்புப் போட்டு ஆடு, மாடு, நாய் எதுவும் அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிஞ்சியதை வயலிலோ கிணற்றோரத்திலோ கொட்டாதீர்கள். இவற்றிலுள்ள போரான் அளவு மீறினால் பயிர் கருகும். இன்னும் ஏதாவது மரம் இருந்தால் அதை ஊறவைக்கவே பயன்படுத்துங்கள்.

இந்த உப்புக்கு ஒரு குறை உண்டு. மழையில் கரைந்து வெளியேறிவிடும். உள்ளே ஏறிய மருந்தைக் காப்பதற்கும் சேர்த்துத்தான் மேலே எண்ணெய் பூசுகிறோம். கரையாத மருந்து வேண்டுமென்றால் தாமிரம் கலந்தவை இருக்கின்றன. தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த கலவையை 1933இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோண்டி காமேசன் என்ற நம் நாட்டு விஞ்ஞானிதான் உருவாக்கினார். உலகம் முழுக்க மரக் கம்பங்களை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதில் ஆர்சனிக் இருப்பதால் ஆட்டுப்பட்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவிலேயே 2003 முடிவோடு வீட்டு உபயோக மரங்களுக்கு அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

ஊறிய மரத்தை நிழலில், தரையில் படாமல் குறுக்குக் கட்டைகள் மேல் அடுக்குங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் காற்றுப் போக ஒரு குச்சி வையுங்கள். மேலே தகரமோ ஷீட்டோ மட்டும் போதும், பக்கங்களை மூடாதீர்கள். தைலமரம் அவசரமாகக் காய்ந்தால் பிளக்கும், முறுக்கும். அதனால் வெயிலில் போடக் கூடாது. அறுத்த முனைகளில் சாணியும் மண்ணும் குழைத்து அப்பிவிடுங்கள். பலகை காய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும், கால்களுக்கு இன்னும் கூடலாம். காய்ந்ததா என்று பார்க்க, மரத்தின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சில நிமிடத்தில் உறிஞ்சிக்கொண்டால் பூச்சுக்குத் தயார். அப்படியே முத்தாக நின்றால் இன்னும் பொறுங்கள்.

நிறத்துக்கு வருவோம். கடையில் வெளிப்புற மரத்துக்கென்றே விற்கும் எண்ணெய் வகை ஸ்டெயின், அதாவது மரத்துக்குள் ஊறும் நிறப்பூச்சு, வாங்கலாம். நிறமில்லாத பூச்சு வேண்டாம். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் மரத்தின் மேல்தோலைச் சிதைத்துச் சாம்பல் நிறமாக்கிவிடும். அதைத் தடுப்பது நிறப்பொடிதான். செலவு குறைய வேண்டுமென்றால் கடையில் ‘பாயில்டு லின்சீட் ஆயில்’ என்று விற்கும் ஆளிவிதை எண்ணெய் இரண்டு பங்கு, டர்பெண்டைன் ஒரு பங்கு கலந்து, அதில் ரெட் ஆக்சைடு பொடியைச் சேர்த்து நீங்களே தயாரிக்கலாம். எதை வாங்கினாலும் ஈயம் கலக்காததா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2017 நவம்பரிலிருந்து சட்டமே இருக்கிறது. பழைய டப்பாவில் மிஞ்சிய பெயின்டைத் தொடவே வேண்டாம். பெயின்ட் நக்கிக் கன்றுகள் ஈய நஞ்சால் சாவது கால்நடை மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம்.

பூசும்முன் மேலே பூத்திருக்கும் வெள்ளை உப்பையும் முனையில் அப்பிய சாணியையும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பலகையை ஆணி அடிப்பதற்கு முன்பே நான்கு பக்கமும் பூசிவிட வேண்டும். நிறுத்தியபிறகு பூசினால் பலகையும் காலும் சேரும் இடத்தில் பிரஷ் போகாது, மழைநீர் மட்டும் போகும். உச்சி வெயிலில் பூசாதீர்கள். மெல்லிசாக ஒரு தடவை பூசி, கால் மணி நேரம் கழித்து உறிஞ்சாமல் நிற்பதைத் துடைத்துவிட்டு, மறுநாள் இரண்டாம் தடவை பூசுங்கள். மரம் பளபளத்தால் அதிகமாகப் பூசிவிட்டீர்கள் என்று அர்த்தம். அறுத்த முனைகள்தான் தண்ணீரை அதிகம் குடிக்கும். அங்கே இனி உறிஞ்சாது என்கிறவரை திரும்பத் திரும்பப் பூசுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வைக்கோல் போர் பக்கத்தில் இருக்கிற தோட்டத்தில் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். துணியை உடனே தண்ணீரில் முக்குங்கள், அல்லது திறந்த வெளியில் விரித்துக் காயப்போடுங்கள்.

வேலி முதலில் ஒடிவது மண்மட்டத்தில்தான். ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பதால் பூஞ்சைக்கு அந்த இடம்தான் வசதி. காலின் அடியிலிருந்து மண்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் வரை பிட்டுமன் கறுப்புப் பெயின்ட் இரண்டு தடவை பூசுங்கள். உங்கள் ஊரில் முந்திரி ஓட்டு எண்ணெய் கிடைக்குமே, மீனவர்கள் படகுக்குப் பூசுவது, அதையும் இந்தப் பகுதிக்கு மட்டும் பூசலாம். கைபட்டால் கொப்பளித்துவிடும், அதனால் கையுறை அவசியம். முழுக்கக் காயும்வரை ஆட்டைப் பக்கத்தில் விடக் கூடாது. குழியின் அடியில் நாலு அங்குலம் ஜல்லி போட்டுக் காலை நிறுத்துங்கள். சிமென்ட் போடுவதானால் மேற்பக்கம் தண்ணீர் வழிந்தோடும்படி சரிவாக முடியுங்கள். காலின் தலையையும் சாய்வாக அறுத்துவிடுங்கள். ஆணி துத்தநாகம் பூசியதாக இருக்கட்டும். சாதா ஆணி துருப்பிடித்துத் தைலமரத்தில் கறுப்புக் கறை இறங்கும்.

இவ்வளவு செய்தாலும் கரையான் மிகுந்த மண்ணில் சவுக்குக் காலுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். மூலைக்கும் வாசலுக்குமாவது கருங்கல் காலோ சிமென்ட் காலோ போடுங்கள். அவற்றில் போல்ட் போட்டுப் பலகையை முடுக்கலாம். பலகையின் அடிவிளிம்பு மண்ணில் படாமல் இரண்டு அங்குலம் தூக்கியே இருக்கட்டும்.

பூசி முடித்து ஒரு வாரமாவது பட்டியில் ஆடுகளை அடைக்காதீர்கள். அதன்பிறகும் பலகையை விடாமல் கடித்தால் தாது உப்புக் கட்டியைத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஆவணியிலும் அதே தண்ணீர்ச் சோதனையைச் செய்து, உறிஞ்சும் பக்கங்களுக்கு மட்டும் ஒரு தடவை பூசினால் போதும். மேற்கு வெயில் படும் பக்கம்தான் முதலில் கேட்கும்.

ஏற்கெனவே ஊன்றிய எட்டுக் கால்களையும் தயங்காமல் பிடுங்கி எடுங்கள். இரண்டு வாரத்தில் ஒன்றும் கெட்டிருக்காது. மண்ணைக் கழுவி, பட்டையை உரித்து, மற்றவற்றோடு சேர்த்து டிரம்மில் நிறுத்துங்கள்.