வலிக்காத வெள்ளைப் படலமும் இரண்டு வாரக் கெடுவும்

கேள்வி: எனக்கு வயது 48. பல் சுத்தம் செய்துகொள்ளப் போயிருந்தேன். வேலை முடிந்த பிறகு பல் மருத்துவர் என் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்துப் பார்த்தார், கழுத்தையும் தடவினார். இடது கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைப் படலம் இருப்பதாகச் சொல்லி, கூராக இருந்த கடைவாய்ப் பல்லைத் தேய்த்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். வலியோ எரிச்சலோ இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு வரை புகைபிடித்தேன். புற்றுநோய் என்று சந்தேகித்தால் உடனே சோதிக்க வேண்டாமா? சந்தேகம் இல்லையென்றால் நான் எதற்குத் திரும்பப் போக வேண்டும்?

பதில்: அந்த இரண்டு வாரமே ஒரு சோதனைதான். வாயின் உட்தோல் வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும் திசு. உரசிக்கொண்டிருந்த பல்லைத் தேய்த்துவிட்டால், உரசலால் வந்த புண்ணும் தடிப்பும் பெரும்பாலும் அதற்குள் ஆறத் தொடங்கிவிடும். காரணத்தை நீக்கிய பிறகும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறதே, அதைத்தான் நாங்கள் சந்தேகிக்கிறோம். ஆகவே குறித்த நாளில் போய்விடுங்கள். இரண்டு வாரம் இரண்டு மாதமாக நீள்வதில்தான் ஆபத்து.

'வலி இல்லையே' என்பது நான் அடிக்கடி கேட்கும் சமாதானம். சாதாரண வாய்ப்புண் உயிர்போக வலிக்கும், பத்துப் பதினைந்து நாளில் ஆறிவிடும். தொடக்க நிலைப் புற்று பல நேரம் வலிப்பதே இல்லை. வலிக்கிற புண்ணுக்கு ஓடி வருகிறவர்கள், வலிக்காத தடிப்பை மாதக்கணக்கில் நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

எல்லா வெள்ளையும் ஒன்றல்ல. துணியால் துடைத்தால் உரிந்து வந்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. பற்கள் சேரும் மட்டத்தில், இரு கன்னங்களிலும் மெல்லிய கோடாக இருந்தால் அது இயல்பானது. வலைப்பின்னல் போலத் தெரிந்தால் லைக்கன் பிளானஸ் என்ற நோயாக இருக்கலாம். அதையும் கண்காணிக்க வேண்டும். துடைத்தும் போகாமல், வேறு எந்தக் காரணத்துக்குள்ளும் அடங்காமல் நிற்பதையே லூக்கோபிளேக்கியா, அதாவது வெண்படலம் என்கிறோம். வெண்படலங்களில் பெரும்பாலானவை புற்றாக மாறுவதில்லை. ஆனால் எது மாறும் என்று வெறும் கண்ணால் யாராலும் சொல்ல முடியாது. வெல்வெட் போன்ற செம்படலம் அரிது. கண்டால் வெள்ளையைவிட அதற்கே நான் அதிகம் பயப்படுவேன்.

நாக்கை ஏன் இழுத்தார் என்கிறீர்களா? வாய்ப்புற்று அதிகம் ஒளிந்துகொள்ளும் இடங்களில் ஒன்று நாக்கின் பக்கவாட்டு ஓரம், அதிலும் கடைவாய்ப் பற்களுக்கு எதிரே உள்ள பகுதி. மற்றொன்று நாக்குக்குக் கீழேயுள்ள தளம். நுனியைத் துணியால் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தால்தான் ஓரத்தின் பின்பகுதி தெரியும். பிறகு ஒரு விரலை நாக்கின் அடியிலும் மறு கை விரல்களைத் தாடைக்குக் கீழேயும் வைத்து அழுத்துவோம். கண்ணுக்குத் தெரியாத கெட்டி விரலுக்குத் தட்டுப்படும். கழுத்தைத் தடவுவது நெறிகட்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான். எல்லாம் ஐந்து நிமிட வேலை. உங்கள் மருத்துவர் கேட்காமலே செய்திருக்கிறார், எல்லோரும் செய்வதில்லை.

வெளிச்சமும் பழகிய கண்ணும் மட்டும் போதுமா? திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய பெரிய ஆய்வு இதைத்தான் சோதித்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று வாயைப் பார்த்தார்கள். 2005-இல் முடிவு வெளியானபோது, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பழக்கம் இல்லாதவர்களிடம் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. நீங்கள் விட்டு ஆறு ஆண்டுகள் ஆனது மிக நல்லது, ஆபத்து குறைந்துகொண்டே வரும். இருந்தாலும் நீங்கள் இன்னும் முதல் கூட்டத்தில்தான் இருக்கிறீர்கள்.

இரண்டாம் முறை பார்த்தபோதும் படலம் அப்படியே இருந்தால் பயாப்ஸி செய்யச் சொல்வார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துணுக்குத் திசு எடுத்து, தேவைப்பட்டால் ஓரிரு தையல் போடுவார்கள். 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். சாயம் பூசிப் பார்ப்பது, விசேஷ விளக்கு அடிப்பது எல்லாம் துணைக்கு மட்டுமே. முடிவாகச் சொல்வது நுண்ணோக்கிதான்.

பல் மருத்துவரின் பார்வைக்கும் எல்லை உண்டு. டான்சிலிலும் நாக்கின் அடிவேரிலும் எச்.பி.வி. வைரஸால் வரும் புற்று அவர் கண்ணில் படாமல் போகலாம். ஒரு பக்கத் தொண்டை வலி, விழுங்குவதில் சிரமம், குறையாத கழுத்துக் கட்டி இருந்தால் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் போக வேண்டும்.

இப்போதே கைபேசி விளக்கைப் போட்டு, கன்னத்தை விரலால் விலக்கி, படலத்தைப் படம் எடுத்து வையுங்கள். அடுத்த முறை ஒப்பிட உதவும். அதுவரை ஜெல், மாத்திரை என்று நீங்களாக எதையும் தொடங்க வேண்டாம். எத்தனை ஆண்டுகள், நாளைக்கு எத்தனை சிகரெட் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மது உண்டா என்றும் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்கு. பாக்கு மெல்லுவீர்களானால், புகையிலை சேராததுதானே என்று விட்டுவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெறும் பாக்கையே புற்றுநோய்க் காரணி என்று அறிவித்துவிட்டது.