சட்டம் எங்கிருந்து வருகிறது? வக்கீலிடம் கேளுங்கள்

இந்தியாவில் சட்டத்தின் மூலங்கள் பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. சொந்த வழக்கு விவரங்களை இங்கே எழுத வேண்டாம். வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு உங்கள் வக்கீலிடமே போங்கள்.

கேள்வி: நாடாளுமன்றம் போடுவதுதானே சட்டம்? நீதிபதி சொல்வது எப்படிச் சட்டமாகும் சார்?

இங்கிலாந்தில் நூற்றாண்டுகளாக வழக்குக்கு வழக்கு நீதிபதிகள் சொன்னதே சட்டமாகத் திரண்டது. அந்த முறைதான் நமக்கும் வந்தது. உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்று அரசமைப்பின் 141வது பிரிவே சொல்கிறது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லைக்கென்று தனிச் சட்டம் இல்லாத 1997இல், விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. நாடாளுமன்றம் சட்டம் போட்டது 2013இல்தான். இடைப்பட்ட 16 ஆண்டுகளும் அந்தத் தீர்ப்புதான் சட்டம்.

கேள்வி: அப்படியானால் தீர்ப்பில் இருக்கும் ஒவ்வொரு வரியும் சட்டமா?

இல்லை. முடிவுக்கு அவசியமான காரணம் மட்டும்தான் முன்னுதாரணம். நாங்கள் 'ரேஷியோ' என்போம். போகிற போக்கில் நீதிபதி சொன்ன கருத்து 'ஒபிட்டர்'. வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பரபரப்பான வரிகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை.

கேள்வி: கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு மதுரைக் கிளையில் செல்லுமா?

எடுத்துக்காட்டலாம், கட்டுப்படுத்தாது. நீதிபதிக்குச் சரியென்று பட்டால் ஏற்பார்.

கேள்வி: எங்கள் வீட்டில் அக்கா மகளைத் தம்பிக்கே கட்டிவைத்தார்கள். இந்து திருமணச் சட்டப்படி அது தடை என்கிறான் சட்டம் படிக்கும் தம்பி. உண்மையா அண்ணா?

பாதி உண்மை. 1955ஆம் ஆண்டுச் சட்டம் தாய்மாமன் உறவை மட்டுமல்ல, அத்தை மகன், மாமன் மகள் உறவையும் தடைப்பட்ட உறவு என்றுதான் சொல்கிறது. ஆனால் இருவருக்கும் உரிய வழக்கம் அனுமதித்தால் தடையில்லை என்று 5வது பிரிவு விலக்குத் தருகிறது. தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களின் கல்யாணம் அந்த ஒரு விலக்கில்தான் நிற்கிறது!

வழக்கம் என்றால் நேற்று ஆரம்பித்தது போதாது. நெடுங்காலமாக, இடைவிடாமல், ஒரே மாதிரி பின்பற்றியிருக்க வேண்டும். நியாயத்துக்கும் பொது நலனுக்கும் முரணாக இருக்கக் கூடாது. முன்பு வழக்கத்துக்கு இன்னும் பலம் அதிகம். இராமநாதபுரம் ஜமீன் தத்து வழக்கில், தெளிவாக நிரூபித்த வழக்கம் எழுதிவைத்த சாத்திரத்தையே மிஞ்சும் என்று அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1868இல் சொன்னது. இன்று சட்டம் இடம்விட்ட இடத்தில் மட்டும்தான் வழக்கம் நிற்கும்.

கேள்வி: சுயமரியாதைத் திருமணம் புதுசுதானே? அது எப்படிச் செல்லுகிறது?

நல்ல கேள்வி. 1953இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அது சிக்கிக்கொண்டது. சடங்கும் இல்லை, பழமையான வழக்கம் என்றும் காட்ட முடியவில்லை. எனவே செல்லாது என்றார்கள். அண்ணா முதல்வராக இருந்த 1967இல் சட்டமன்றம் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. உற்றார் நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும், வாழ்க்கைத் துணையாக ஏற்பதாக வாயால் சொன்னாலும் போதும். ஏற்கெனவே நடந்த திருமணங்களுக்கும் அது பொருந்தியது.

கேள்வி: அப்போ சட்டமன்றம் நினைத்தால் எந்தத் தீர்ப்பையும் தூக்கிப்போடலாமா?

'இந்தத் தீர்ப்பு செல்லாது' என்று சொல்லும் அதிகாரம் அதற்குக் கிடையாது. தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்த சட்டத்தை மாற்றலாம். ஜல்லிக்கட்டை 2014இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது, மாநிலச் சட்டம் மத்திய மிருகவதைத் தடுப்புச் சட்டத்தோடு மோதியதால். 2017இல் அந்த மத்தியச் சட்டத்திலேயே தமிழ்நாட்டுக்கான திருத்தம் வந்தது, குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு. 2023இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றது. ஆனால் எந்தத் திருத்தமும் அரசமைப்புக்கு உட்பட்டதே.

கேள்வி: அரசாணையும் சட்டமா மேடம்?

மேடம் இல்லை, சார்! சட்டம் தந்த அதிகாரத்தில் போட்ட விதி என்றால் சட்டத்துக்கு உரிய பலம் உண்டு. வெறும் நிர்வாக ஆணை என்றால், சட்டமும் விதியும் பேசாத இடத்தை நிரப்பலாம்; அவற்றுக்கு எதிராகப் போக முடியாது. அதனால் ஜி.ஓ.வைக் காட்டி யாராவது உங்களை மடக்கினால், அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் போட்டது என்று முதலில் பாருங்கள்.