ஒன்றாக வாழும் இரு முயல்களின் எடை

வணக்கம் ஐயா. டர்பனில் தாங்கள் ஒன்றாக வளர்க்கும் இரு முயல்களுள் பெண் பருத்தும் ஆண் மெலிந்தும் வருவதாக எழுதியிருந்தீர்கள். நாள்தோறும் லூசர்ன் (குதிரைமசால் என்னும் தீவனப் பயிர்) இடுவதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. புரதமும் கால்சியமும் மிகுந்த அது வளரும் குட்டிகளுக்கே ஏற்றது. ஓரிரு வாரங்களில் சிறிது சிறிதாகக் கலந்து, இங்கே எளிதில் கிடைக்கும் எரக்ரோஸ்டிஸ் அல்லது டெஃப் உலர்புல்லுக்கு மாற்றி, அதை எந்நேரமும் அளவின்றி வையுங்கள். பெல்லட்டை (அழுத்திச் செய்த குறுணைத் தீவனத்தை) மட்டும், முயலின் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மிகாமல் எடைபோட்டு, கால் மணி நேரம் கம்பித் தடுப்புக்கு இருபுறமும் தனித்தனியே கொடுங்கள். நெடுநேரம் பிரித்தால் அவற்றின் இணக்கம் கெடும். பெண்ணைப் பட்டினி போடாதீர்கள், 12 மணி நேரம் உண்ணாவிடினும் முயலின் குடல் இயக்கம் நின்றுவிடக்கூடும். ஆணின் மெலிவுக்குக் கடைவாய்ப் பற்களே காரணமாக இருக்கலாம் என்பதால், மருத்துவரிடம் இவ்வாரமே காட்டுங்கள்.